காருக்குள் வரும் சாலை

2008-ம் ஆண்டின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் கார் கண்காட்சியில் நிஸான் நிறுவனம் 370 இசட் என்ற ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. 3.7 லிட்டர் வி6 என்ஜின், அமெரிக்கச் சந்தையில் 332 குதிரைத்திறன், இரண்டே இருக்கைகள். முந்தைய 350 இசட்டில் இருந்ததைவிட முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 100 மி.மீ. குறைத்திருந்தார்கள். எடையைக் கட்டுப்படுத்த பானெட், கதவுத் தகடுகள், பின்கதவு ஆகியவற்றை அலுமினியத்தில் செய்திருந்தார்கள். ஓட்டிப் பார்த்து எழுதியவர்கள் அதன் வேகத்தையும் வளைவுகளில் அது காட்டும் பிடிப்பையும் பாராட்டினார்கள். கூடவே ஒரு குறையும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டது: நெடுஞ்சாலையில் ஏறினால் காருக்குள் டயர் இரைச்சல் அதிகம்.

இந்தக் குறை இசட் வரிசைக்கு மட்டும் உரியதில்லை. அகலமான டயர், விறைப்பான சஸ்பென்ஷன், மெல்லிய தகடு, குறைந்த எடை என்று ஸ்போர்ட்ஸ் காருக்கு அதன் குணத்தைத் தரும் ஒவ்வொன்றும் சத்தத்தையும் கூட்டுகிறது. அதனால் இப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் பலர் கார்ப்பெட்டைக் கழற்றிவிட்டு, வெள்ளி நிற டேம்பிங் ஷீட்டுகளை வாங்கி உள்ளே ஒட்டுகிறார்கள். ஒரே பொருளை ஒட்டிய இருவரில் ஒருவருக்குக் கார் வேறு காராகிவிடுகிறது; இன்னொருவருக்கு எடை கூடியதுதான் மிச்சம். ஷீட்டின் விலை இதற்குப் பெரும்பாலும் காரணமில்லை. இரைச்சல் எந்த வழியாக உள்ளே வருகிறது, எந்தப் பொருள் அதில் எந்தப் பகுதியைத் தடுக்கும் என்று தெரிந்து ஒட்டினார்களா என்பதே காரணம். அந்த இயற்பியல் கடினமானதில்லை. அதைத் தெரிந்துகொண்டால் பணமும் வீணாகாது, காரும் கனக்காது.

டயர் எப்படிச் சத்தம் போடுகிறது

மணிக்கு சுமார் 50 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும், சீராக ஓடும் காரில் என்ஜினைவிட டயரே பெரிய ஒலி மூலமாகிவிடுகிறது. அது மூன்று விதங்களில் சத்தத்தை உண்டாக்குகிறது.

முதலாவது, டயரின் மேற்பரப்பில் உள்ள ரப்பர் கட்டைகள் தரையில் மோதி விடுபடுவது. ஒவ்வொரு மோதலிலும் கட்டைகளுக்கு இடையே உள்ள பள்ளங்களில் காற்று நசுங்கி வெளியே பீய்ச்சப்படுகிறது. கட்டை தரையை விட்டு எழும்போது காற்று மறுபடி உள்ளே இழுக்கப்படுகிறது. டயரின் வளைவும் தரையும் சேர்ந்து முன்னும் பின்னும் ஒரு கூம்புக்குழாய் போன்ற வடிவத்தை அமைக்கின்றன. நாதஸ்வரத்தின் அணசு செய்யும் வேலையை அந்த வடிவம் செய்து, இந்த ஒலியைப் பெருக்கி வெளியே அனுப்புகிறது. இதன் உச்சம் சுமார் 1,000 ஹெர்ட்ஸில் இருக்கிறது. காருக்குள் 'ஷ்ஷ்' என்று கேட்பது இதுதான்.

இரண்டாவது, சாலையின் சொரசொரப்பு டயரைக் குலுக்குவது. அந்த அதிர்வு சக்கரம், சஸ்பென்ஷன் கைகள், அவற்றை இணைக்கும் ரப்பர் புஷ்கள் வழியாகக் காரின் உடலுக்கு ஏறுகிறது. சாதாரணக் காரில் புஷ்கள் மிருதுவாக இருந்து அதிர்வின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டீயரிங் துல்லியமாக இருக்கவேண்டும் என்பதற்காக அவற்றைக் கெட்டியாக வைக்கிறார்கள். டயரின் பக்கச்சுவரும் குட்டையாக, விறைப்பாக இருக்கிறது. ஆகவே 50 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான உறுமல் தடையில்லாமல் உடலை எட்டுகிறது.

மூன்றாவது, டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்று. வட்டமாகச் சுற்றி வரும் அந்தக் காற்றுக் குழாய்க்கும் புல்லாங்குழலைப் போலச் சொந்த சுருதி உண்டு. 370 இசட்டின் ஸ்போர்ட் தொகுப்பில் பின்சக்கரங்களுக்கு 275/35 அளவில் 19 அங்குல டயர் வந்தது. அதன் வெளி விட்டம் சுமார் 675 மி.மீ.; ரிம்மின் விட்டம் 483 மி.மீ. இரண்டுக்கும் நடுவே செல்லும் வட்டத்தின் சுற்றளவு சுமார் 1.8 மீட்டர். 20 டிகிரி செல்சியஸில் ஒலி வினாடிக்கு 343 மீட்டர் ஓடுகிறது. 343-ஐ 1.8-ஆல் வகுத்தால் சுமார் 190 ஹெர்ட்ஸ் கிடைக்கிறது. ஓட்டத்தில் டயர் சூடாகும்போது உள்ளே ஒலியின் வேகம் கூடி, இந்த எண் 200-ஐ நெருங்குகிறது. சாலையில் சிறு இணைப்புகள் மீது ஏறி இறங்கும்போது 'டொய்ங்' என்று உலோகம் கலந்தது போலக் கேட்கும் ஒலிக்கு இதுவே மூலம்.

மூன்றும் வெவ்வேறு அதிர்வெண்களில் உள்ளன, வெவ்வேறு வழிகளில் வருகின்றன. ஒரே மருந்து மூன்றுக்கும் பலிக்காமல் போவது இதனால்தான்.

இரண்டு வழிகள்

காருக்குள் வரும் ஒலியைப் பொறியாளர்கள் இரண்டாகப் பிரிப்பார்கள். காற்று வழியாக வந்து, தகட்டையும் கண்ணாடியையும் இடுக்குகளையும் கடந்து நுழைவது ஒன்று. உடலின் உலோகம் வழியாக அதிர்வாக வந்து, தகடுகளை அதிரவைத்து, அந்தத் தகடுகளே ஒலிபெருக்கியாகிப் பாடுவது மற்றொன்று. தோராயமாக 400, 500 ஹெர்ட்ஸ் இவற்றுக்கு எல்லை. அதற்குக் கீழே உலோக வழி ஆதிக்கம், மேலே காற்று வழி ஆதிக்கம்.

370 இசட் போன்ற ஹேட்ச்பேக் கூபேயில் இரண்டு வழிகளுமே திறந்தபடி இருக்கின்றன. செடானில் பின்சீட்டும் அதன் பின்னாலுள்ள தடுப்பும் டிக்கியைத் தனியறையாக்கிவிடும். இங்கே டிக்கியும் பயணிகள் பகுதியும் ஒரே அறை. அகலமான பின்டயர்கள் சுழலும் வீல் ஆர்ச்சுகள் ஓட்டுநரின் தோளுக்குச் சற்றுப் பின்னால், கார்ப்பெட்டாலும் பிளாஸ்டிக் உறையாலும் மட்டும் மூடப்பட்டிருக்கின்றன. அந்த ஒரே அறைக்கும் சொந்த சுருதி உண்டு. முன்கண்ணாடியிலிருந்து பின்கதவு வரை இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம் என்று கொண்டால், சுமார் 80 ஹெர்ட்ஸில் காற்று முன்னும் பின்னும் ஊசலாடும். தரைத்தகடோ பின்கதவோ அதே அதிர்வெண்ணில் அதிர நேர்ந்தால் காதை அடைக்கும் முழக்கமாகிவிடும்.

டேம்பிங் என்ன செய்யும், என்ன செய்யாது

எவர்சில்வர் தாம்பாளத்தைத் தட்டினால் நீண்ட நேரம் ஒலிக்கும். நடுவில் உள்ளங்கையை வைத்துவிட்டுத் தட்டினால் 'டப்' என்று நின்றுவிடும். தாம்பாளத்தின் எடை அதிகம் மாறவில்லை. அதிர்வின் ஆற்றலைக் கையின் சதை வெப்பமாக மாற்றிவிட்டது. டேம்பிங் ஷீட் செய்வதும் இதைத்தான்.

இதன் அறிவியலுக்கு எழுபதாண்டு வரலாறு உண்டு. மெல்லிய தகட்டின் மீது ஒட்டிய பூச்சு அதன் வளைவதிர்வை எப்படி அடக்குகிறது என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெர்மன் ஓபர்ஸ்ட் 1952-ல் கணக்கிட்டுக் காட்டினார். தார் கலந்த கெட்டி மேட்டுகளைக் கார் நிறுவனங்கள் தரையில் ஒட்டும் முறை இந்த வகை. தகடு வளையும்போது மேட் நீண்டு சுருங்கி ஆற்றலை இழக்கிறது. இதில் ஒரு சங்கடம், நல்ல பலன் வேண்டுமென்றால் மேட் தகட்டைவிடப் பல மடங்கு தடிமனாக இருக்கவேண்டும்.

1959-ல் அமெரிக்காவின் போல்ட், பெரானெக் அண்டு நியூமன் நிறுவனத்தைச் சேர்ந்த எட்வர்ட் கெர்வின் வேறொரு அமைப்பின் கோட்பாட்டை வெளியிட்டார். பிசுபிசுப்பான மிருதுவான அடுக்கின் மேல் விறைப்பான மெல்லிய உலோகத் தாளை ஒட்டினால் என்ன ஆகும்? தகடு வளையும்போது கீழே உள்ள தகடும் மேலே உள்ள தாளும் ஒன்றோடொன்று வழுக்க முயல்கின்றன. நடுவில் சிக்கிய மிருதுவான அடுக்கு பக்கவாட்டில் இழுபட்டு அரைபடுகிறது. மேட் வெறுமனே நீண்டு சுருங்குவதைவிட இந்த அரைபடலில் பல மடங்கு ஆற்றல் வெப்பமாகிறது. இன்று கடைகளில் கிடைக்கும் பியூட்டைல் ரப்பரும் அலுமினியத் தாளும் சேர்ந்த ஷீட்டுகள் எல்லாம் இந்தத் தத்துவத்தில் இயங்குபவை. அலுமினியத் தாள் அழகுக்காக இல்லை. அது இல்லையென்றால் ஷீட்டின் பலன் பெருமளவு போய்விடும். தாள் மெல்லியதாகவும் ரப்பர் தடிமனாகவும் உள்ள மலிவான ஷீட்டைவிட, தாள் தடிமனாக உள்ள ஷீட் கூடுதலாக வேலை செய்வதும் இதனால்தான்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. ஒன்று, தகட்டை முழுக்க மூட வேண்டியதில்லை. அதிர்வு அதிகமாக இருப்பது தகட்டின் நடுப்பகுதியில். ஓரங்கள் பற்றவைக்கப்பட்டும் மடிக்கப்பட்டும் ஏற்கெனவே விறைப்பாக இருக்கின்றன. ஒவ்வொரு தட்டையான தகட்டிலும் நடுவில் நாலில் ஒரு பங்கை மூடினாலே பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மீதி முக்கால் பங்கையும் மூடினால் எடை நான்கு மடங்காகும், பலன் நான்கு மடங்காகாது.

இரண்டாவது முடிவு இன்னும் முக்கியம்: டேம்பிங் ஷீட் தகட்டின் சொந்த ஒத்ததிர்வை அடக்குமே தவிர, காற்று வழியாக வரும் ஒலிக்கு அது நல்ல சுவரில்லை. 1,000 ஹெர்ட்ஸ் 'ஷ்ஷ்' சத்தம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. காருக்குள் முழுக்க வெள்ளித் தாளாகப் பளபளக்க ஒட்டிவிட்டு ஏமாந்துபோகிறவர்கள் பலர் தவறவிடும் இடம் இது.

சுவரின் எடையும் ஓட்டையும்

காற்று வழி ஒலியைத் தடுக்கத் தேவை நிறை. ஒரு சுவரின் நிறையை இரட்டிப்பாக்கினால் அது தடுக்கும் ஒலி சுமார் 6 டெசிபல் கூடும். ஒலியின் அதிர்வெண் இரட்டித்தாலும் அதே 6 டெசிபல் கூடும். இதற்கு நிறை விதி என்று பெயர். 0.8 மி.மீ. எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு 6.3 கிலோ இருக்கும். விதிப்படி அது 1,000 ஹெர்ட்ஸில் சுமார் 29 டெசிபலையும் 100 ஹெர்ட்ஸில் வெறும் 9 டெசிபலையும் தடுக்கும். 1 மி.மீ. அலுமினியத் தகட்டின் எடை சதுர மீட்டருக்கு 2.7 கிலோதான், 1,000 ஹெர்ட்ஸில் அது 22 டெசிபலோடு நின்றுவிடும். எடைக் குறைப்புக்குக் கொடுக்கும் விலை இதில் தெளிவாகத் தெரிகிறது.

எஃகுத் தகட்டின் மேல் சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள கனமான வினைல் விரிப்பை நேரடியாக ஒட்டினால், மொத்த நிறை 11.3 கிலோ ஆகி, தடுப்பு 5 டெசிபல் மட்டும் கூடும். அதே விரிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் மிருதுவான ஃபோம் வைத்தால் கதை மாறுகிறது. தகடு ஒரு நிறை, விரிப்பு ஒரு நிறை, நடுவில் ஃபோம் ஒரு ஸ்பிரிங். தகடு ஆடினாலும் ஸ்பிரிங்குக்கு அப்பால் உள்ள விரிப்பு அசைய மறுக்கிறது. இந்த இரட்டைச் சுவர், தன் ஒத்ததிர்வு எண்ணைத் தாண்டிய பிறகு, அதிர்வெண் ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் 18 டெசிபல் வரை கூடுதலாகத் தடுக்க வல்லது.

அந்த ஒத்ததிர்வு எண் எவ்வளவு? மேலே சொன்ன எடைகளுக்கும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளிக்கும் கணக்கிட்டால் சுமார் 360 ஹெர்ட்ஸ் வருகிறது. இடைவெளியை இரண்டு சென்டிமீட்டராக்கினால் 250. அதற்குக் கீழே இரட்டைச் சுவர் தனிச்சுவரைவிட மேலானதில்லை. ஒத்ததிர்வை ஒட்டிய பகுதியில் நிலைமை மோசமாகவும் ஆகலாம். 190 ஹெர்ட்ஸில் டயர் காற்று எழுப்பும் ஒலியை வினைல் விரிப்பு அடக்காததற்குக் காரணம் இந்த எண்ணில் இருக்கிறது. 1,000 ஹெர்ட்ஸ் இரைச்சலை மட்டும் அது அருமையாக அடக்கும்.

எவ்வளவு நல்ல சுவரையும் ஓர் ஓட்டை வீணாக்கிவிடும். 30 டெசிபலைத் தடுக்கும் ஒரு சதுர மீட்டர் சுவரில் 10-க்கு 10 சென்டிமீட்டரில் ஒரு துளை இருந்தால், பரப்பில் அது 1 சதவீதம்தான். ஆனால் அந்த ஒரு சதவீதத்தின் வழியே போகும் ஒலி, மீதி 99 சதவீதத்தின் வழியே போவதைப் போலப் பத்து மடங்கு. முழுச் சுவரின் தடுப்பும் 20 டெசிபலுக்கு இறங்கிவிடும். மூன்று சென்டிமீட்டர் சதுரத் துளைகூட 3 டெசிபலைத் தின்றுவிடும். வயர் கற்றை நுழையும் இடம், பழசாகி இறுகிப்போன கதவு ரப்பர் பீடிங், தொலைந்துபோன தரை அடைப்பான் ஆகியவற்றைக் கவனிக்காமல் இருபது கிலோ வினைல் விரிப்பதில் பயனில்லை. பத்து வருடக் காருக்குக் கதவு பீடிங்கைப் புதிதாக மாற்றுவது, எடை ஒரு கிராமும் கூடாமல் கிடைக்கும் லாபம்.

உறிஞ்சுதல் என்பது இன்னொரு கருவி. திறந்த நுண்துளைகள் உள்ள ஃபோம், பாலியெஸ்டர் ஃபெல்ட், பருத்தி ஃபெல்ட் போன்றவற்றுக்குள் நுழையும் ஒலி, இழைகளுக்கிடையே காற்று உரசி வெப்பமாகிறது. காற்று அதிகம் அசையும் இடம் சுவரிலிருந்து கால் அலைநீளத் தூரத்தில் இருப்பதால், முழுப் பலனுக்குத் தடிமன் அந்த அளவு வேண்டும். 1,000 ஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 8.6 செ.மீ.; 100 ஹெர்ட்ஸுக்கு 86 செ.மீ. கார் கதவில் இரண்டு விரற்கடை இடம் கிடைத்தால் பெரிது. ஆகவே உறிஞ்சும் பொருள்கள் உயர் அதிர்வெண்ணுக்கே உதவும். உறுமலை ஃபோமால் அடக்க முடியும் என்று யார் சொன்னாலும் அலைநீளம் அதற்கு இடம்கொடுக்காது.

கார்ப்பெட்டைத் தூக்கினால்

டிக்கி கார்ப்பெட்டையும் பிளாஸ்டிக் உறைகளையும் கழற்றினால் வெறும் தகடு தெரியும். முட்டி விரலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போகவேண்டும். நிறுவனம் ஏற்கெனவே தார் மேட் ஒட்டியிருக்கும் இடத்தில் 'டொக்' என்று மட்டமாகக் கேட்கும். மடிப்பு, வளைவு உள்ள இடங்களில் கல்லைத் தட்டியது போலிருக்கும். தட்டையான வெற்றுத் தகட்டில் 'டங்ங்' என்று நீளும். பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டியவை அந்த நீளும் இடங்கள். வீல் ஆர்ச்சின் பக்கவாட்டு, உதிரிச் சக்கரம் உட்காரும் பள்ளத்தின் அடி, கதவின் வெளித்தகட்டு உட்புறம், இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள தரை ஆகியவை வழக்கமாக இந்தப் பட்டியலில் வரும்.

ஒட்டும் இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசையை எடுக்கவேண்டும். ஷீட்டின் வெள்ளித் தாளில் சிறு சிறு கட்டங்களாகப் புடைப்பு இருக்கும். கை உருளையால் அழுத்தித் தேய்க்கத் தேய்க்க அந்தப் புடைப்பு மட்டமாகும். முழுக்க மட்டமாகிவிட்டால் அடியில் காற்றுக் குமிழ் இல்லை, ரப்பர் தகட்டைக் கவ்விவிட்டது என்று பொருள். புடைப்பு மிச்சமிருக்கும் இடத்தில் ஷீட் வெறும் எடைதான். அரைபடல் அங்கே நடக்காது. பிறகு மறுபடி முட்டி விரலால் தட்டிப் பார்த்தால், வேலை முடிந்ததா என்று காதே சொல்லிவிடும்.

டேம்பிங் முடிந்த தகட்டின் மேல் ஃபோமும், அதன் மேல் வினைல் விரிப்பும், பிறகு பழைய கார்ப்பெட்டும் வரவேண்டும். வரிசை மாறினால் பலன் மாறும். விரிப்பைத் தகட்டோடு திருகாணியால் இறுக்கினால் ஸ்பிரிங்கைச் சுற்றிக் குறுக்குவழி போட்டது போலாகும்; அதிர்வு திருகாணி வழியாக நேரே ஏறிவிடும். விரிப்புத் துண்டுகளின் சேர்க்கைகளை டேப் போட்டு மூடவேண்டும்.

சில இடங்களைத் தொடக்கூடாது. கதவின் அடி விளிம்பில் மழைநீர் வடியும் துளைகள் இருக்கின்றன. அவற்றை அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பின் பம்பருக்குள், உடலின் மூலைகளில், கேபின் காற்று வெளியேற ரப்பர் மடல் வைத்த திறப்புகள் இருக்கின்றன. டயர் சத்தம் அந்த வழியாகவும் வரும் என்றாலும் அவற்றை மூடினால் ஏசி காற்று ஓடாது, கண்ணாடியில் ஆவி படியும். அவற்றைச் சுற்றி ஃபெல்ட் வைக்கலாம், அடைக்கக்கூடாது. பக்கவாட்டு மோதலை உணர்ந்து ஏர்பேக்கைத் தூண்டும் அழுத்த உணரி கதவுக்குள்ளேயே இருக்கும் கார்களும் உண்டு. அத்தகைய கார்களில் கதவின் திறப்புகளை மாற்றுவது உயிரோடு விளையாடுவது. பழுதுபார்க்கும் கையேட்டைப் படித்துவிட்டே கை வைக்கவேண்டும். தரையில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஃபெல்ட்டைவிட, நீர் புகாத மூடிய துளை ஃபோம் நல்லது. வெப்ப நாடுகளில் இன்னொரு கவனமும் தேவை. வெயிலில் நிற்கும் காரின் கூரைத் தகடு கைவைக்க முடியாத சூட்டை எட்டும்; கூரையிலும் கதவிலும் தார் ஷீட் இளகி வழியும், வாடையும் அடிக்கும். பியூட்டைல் அந்தச் சூட்டைத் தாங்கும்.

மீட்டர் சொல்வதும் காது உணர்வதும்

வேலை முடிந்ததும் பலர் செல்போன் செயலியில் அளந்து பார்க்கிறார்கள். முன்பு 75, இப்போது 73. இவ்வளவு பாடுபட்டும் இரண்டே டெசிபலா என்று மனம் சோர்கிறது. அந்த எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ள மூன்று செய்திகள் தேவை.

டெசிபல் மடக்கை அளவு. 3 டெசிபல் குறைந்தால் ஒலி ஆற்றல் பாதியாகிவிட்டது. ஆனால் காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்ற சுமார் 10 டெசிபல் குறையவேண்டும். அடுத்தது, ஒலிகள் சேரும் விதம். டயர் 70 டெசிபல், காற்று உரசல் 70 டெசிபல் என்றால் மொத்தம் 140 இல்லை, 73. டயர் சத்தத்தை முழுதாக அழித்தாலும் மீட்டர் 70-க்குத்தான் இறங்கும். மூன்றாவதாக, வழக்கமான 'ஏ' எடையிட்ட அளவீடு, மனிதக் காதின் மந்தத்தைப் பின்பற்றித் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடுகிறது. 200 ஹெர்ட்ஸில் சுமார் 11 டெசிபலையும், 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபலையும், 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபலையும் கழித்துவிடுகிறது. நீண்ட பயணத்தில் தலையைக் கனக்கவைக்கும் உறுமல் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அது கணிசமாகக் குறைந்திருந்தாலும் மீட்டரின் மொத்த எண்ணில் அதன் சாயல் மட்டுமே தெரியும். மொத்த எண்ணை விட்டுவிட்டு, அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தைப் பார்ப்பதே நியாயம். ஒரே சாலை, ஒரே வேகம், ஒரே டயர் அழுத்தம் என்பதும் கட்டாயம்; சொரசொரப்பான தளத்திலிருந்து வழவழப்பான தளத்துக்கு மாறினால் உண்டாகும் வித்தியாசம், பெரும்பாலான ஒட்டுவேலைகள் தரும் வித்தியாசத்தைவிடப் பெரிது.

மூலத்தில் குறைப்பதே முதல் வழி

டயரில் தொடங்கும் இரைச்சலை டயரிலேயே குறைப்பது எல்லாவற்றிலும் எளிது. காண்டினென்டல், மிஷலின், பிரெல்லி நிறுவனங்கள் உட்சுவரில் ஃபோம் பட்டை ஒட்டிய டயர்களைத் தயாரிக்கின்றன. 190 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் அந்த உள்காற்றின் சுருதியை ஃபோம் அங்கேயே விழுங்கிவிடுகிறது. காருக்குள் எத்தனை கிலோ வினைல் விரித்தாலும் எட்டாத ஓர் ஒலியைச் சில நூறு கிராம் ஃபோம் அடக்குகிறது. டயர் வாங்கும்போது ஐரோப்பிய லேபிளைப் பார்க்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அந்த லேபிளில் உள்ள டெசிபல் எண், கார் கடந்து போகும்போது சாலையோரம் கேட்கும் சத்தத்துக்கு உரியது. காருக்குள் கேட்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

மின்னணுவியலும் களத்தில் இறங்கியிருக்கிறது. ஒலியை எதிர் அலையால் அழிக்கும் யோசனைக்கு ஜெர்மனியின் பால் லூக் 1930-களிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். 370 இசட்டிலேயே பின்னாளில் சில மாடல்களில் போஸ் ஒலியமைப்பின் வழியாக இது சேர்ந்தது. ஹூண்டாய் குழுமம் 2019-ல் அறிவித்த சாலை இரைச்சல் ஒழிப்பு முறை, உடலில் ஏறும் அதிர்வை உணரிகளால் அளந்து, 0.002 வினாடியில் எதிர் அலையைக் கணக்கிடுகிறது. உள் இரைச்சல் சுமார் 3 டெசிபல் குறையும் என்று நிறுவனம் கூறியது. இம்முறை நீண்ட அலைகளிடம்தான் நன்கு பலிக்கும். ஃபோமும் வினைலும் தோற்கும் தாழ்ந்த அதிர்வெண்களில் இது வெல்கிறது. இது தோற்கும் உயர் அதிர்வெண்களில் அவை வெல்கின்றன.

எடையின் கேள்வி

ஸ்போர்ட்ஸ் காரில் எடையைக் கூட்டுவது பாவம் என்று நினைப்பவர்களின் வாதத்திலும் உண்மை உண்டு. போர்ஷே நிறுவனம் 2017-ல் வெளியிட்ட 911 கரேரா டி மாடலில் பின்பக்கக் கண்ணாடிகளை மெல்லியதாக்கி, ஒலித்தடுப்புப் பொருள்களைக் குறைத்தது. அதே வசதிகள் உள்ள கரேராவைவிட 20 கிலோ குறைந்து, எடை 1,425 கிலோவானது. சத்தம் கூடும் என்று தெரிந்தே அதை விரும்பி வாங்குகிறவர்களுக்கான கார் அது. பந்தயத் தடத்தில் இருபது நிமிடம் ஓட்டுவதற்கு அந்தத் தேர்வு சரி.

நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அது சரியாகாது. ஸ்போர்ட்ஸ் காரில் ஓட்டுநருக்குத் தகவல் தரும் ஒலிகள் பல உண்டு: என்ஜின் ஏறி இறங்கும் சுருதி, கியர் மாற்றவேண்டிய தருணம், பிடி நழுவப்போகும் டயர் எழுப்பும் கீச்சொலி. சாலை உறுமல் இவற்றின் மேல் போர்வைபோல் விழுந்து மூடிவிடுகிறது. அதை விலக்கினால் கார் ஊமையாகிவிடாது. அது பேசுவது தெளிவாகக் கேட்கும். அதனால் ஸ்போர்ட்ஸ் காரில் ஒலித்தடுப்பு என்பது அந்தக் காரின் இயல்புக்கு எதிரானது என்று நான் நினைக்கவில்லை. கண்மூடித்தனமாகச் சேர்க்கும் எடைதான் அதற்கு எதிரானது.

கணக்கையும் பார்த்துவிடலாம். சுமார் 1,500 கிலோ எடையுள்ள காரில், சதுர மீட்டருக்கு 2 முதல் 4 கிலோ எடையுள்ள ஷீட்டைத் தட்டிப் பார்த்துக் குறித்த இடங்களில் மட்டும் ஒட்டினால், நான்கைந்து கிலோவுக்குள் முடிந்துவிடும். பின் வீல் ஆர்ச்சுகள் மீதும் டிக்கித் தரை மீதும் மட்டும் ஃபோமும் வினைலும் விரித்தால் இன்னொரு பத்து கிலோ. மொத்தம் காரின் எடையில் ஒரு சதவீதம். இந்தச் செலவைச் செய்வதற்கு முன் எடையே கூட்டாத வேலைகள் இரண்டு காத்திருக்கின்றன: தேய்ந்த டயருக்குப் பதில் அமைதியான டயர், இறுகிப்போன பீடிங்குக்குப் பதில் புதிய பீடிங். இந்த வரிசையில் போகிறவர்களில் பலருக்குப் பாதி வழியிலேயே போதும் என்று தோன்றிவிடும். 370 இசட்டுக்கு மட்டுமில்லை, நம் வீட்டு வாசலில் நிற்கும் சாதாரணக் காருக்கும் இதே வரிசைதான். நிறை விதியும் அலைநீளமும் காரின் விலையைக் கேட்பதில்லை. கடைக்காரர் முழுக் காரையும் மூடுவதற்கு விலை சொல்லும்போது, கார்ப்பெட்டைத் தூக்கித் தட்டிப் பார்த்துவிட்டு எந்தத் தகட்டுக்கு என்ன பொருள், ஏன் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுங்கள்.